யவீரு வீட்டில் நின்றுபோன ஒப்பாரி

உள்ள வா தாயி. அந்தக் கூடையைக் கவுத்துப் போட்டு உக்காரு. மீன் நாத்தம் அடிக்கத்தான் செய்யும். கருவாடு போடுற வீடு வேற எப்படி இருக்கும்? கையெல்லாம் உப்பா இருக்கு, இல்லேன்னா உன் கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லியிருப்பேன்.

உங்கப்பா போயிட்டாருன்னு விடிஞ்சதுமே காதுல விழுந்துச்சு. யவீரு மாதிரி ஒரு மனுஷன் இந்தக் கப்பர்நகூம்ல இனிமே பிறந்துதான் வரணும். ஜெப ஆலயத் தலைவர்னு ஒரு நாளும் தலைக்கனம் காட்டினது இல்ல. கருவாட்டுக்காரி எதிர்ல வந்தாலும் நின்னு, 'ஆதாள், சௌக்கியமா?'ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு. நான் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிருவேன். அதுக்கு மேல பேச்சு வச்சுக்கிட்டது இல்ல.

ஆனா நான் வந்து அழமாட்டேன், அக்சா. அதை முதல்லயே சொல்லிடறேன். பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணணும், உனக்கு ஆயிரம் வேலை கிடக்கும், இங்க உக்காந்து நேரத்தைப் போக்காத. சில்பாள் இன்னும் இருக்கா, அவ கூட்டமும் இருக்கு. போய் அவளைக் கூப்பிடு. அவ மாரடிச்சா படகுத்துறை வரைக்கும் கேக்கும்.

என்னது? கண்ணை மூடறதுக்கு முன்னாடி அவரே என் பேரைச் சொன்னாரா? ஆதாள்தான் அழணும்னா? சொல்லியிருப்பாரு. போற நேரத்துல யாரு யாரையோ கூப்பிடுவாங்க. எத்தனை சாவு பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா?

கோபத்துல சொல்லல. உங்க வீட்டு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. தொண்டை போச்சு, அவ்வளவுதான். உங்க வீட்டுல நின்ன தொண்டை, அதுக்கப்புறம் திரும்பி வரல.

நீ அன்னைக்குச் செத்துக் கிடந்தவ. உனக்கு எங்க தெரியப் போகுது? ஊர்ல சொல்ற கதையைத்தான் நீயும் கேட்டு வளர்ந்திருப்ப. நாசரேத்தூர்க்காரர் வந்தாரு, 'பிள்ளை சாகல, தூங்குது'ன்னாரு, அழ வந்தவங்க அவரைப் பார்த்துக் கேலியா சிரிச்சாங்க. அப்படித்தானே சொல்றாங்க? அவரோட ஆளுங்க கடல் தாண்டிப் போய்க்கூட இதையே சொல்லிக்கிட்டுத் திரியறாங்களாம். சிரிச்சவ நான்தான். முதல்ல சிரிச்சவ நான். மத்தவளுங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாளுங்க. நீ ஏன் சிரிச்சேன்னு ஒருத்தராவது வந்து என்னைக் கேட்டாங்களா? கேக்கல. கதைக்குச் சிரிப்பு வேணும், சிரிச்சவ எதுக்கு?

அந்த உப்புச் சட்டியை இப்படித் தள்ளு. ஆமா, அதுதான்.

ஒரு காலத்துல இந்த ஊர்ல யாரு தலை சாஞ்சாலும், 'ஆதாளுக்குச் சொல்லியாச்சா?'ன்னுதான் முதல் பேச்சு. எவ்வளவு இல்லாத வீடானாலும் ரெண்டு குழலும் ஒரு அழுகைக்காரியும் இல்லாம பிணம் வாசலைத் தாண்டாது. உசிரு ஊசலாடும்போதே எங்களைக் கூட்டிட்டு வந்து கொல்லைப்பக்கம் உக்கார வச்சிருவாங்க. உள்ள வைத்தியன் மருந்து அரைப்பான், வெளிய நாங்க தலைமுடியை அவுத்துவிட்டுத் தயாரா இருப்போம். பார்க்க நல்லாவா இருக்கும்? நல்லா இருக்காதுதான். ஆனா சொல்லி அனுப்பி, ஆள் வந்து சேர்ந்து, அதுக்கப்புறம் அழ ஆரம்பிச்சா, அதுவரைக்கும் செத்தவங்க சும்மா கிடக்கணுமே. அது அதைவிடக் கேவலம்.

பாட்டெல்லாம் ஏற்கெனவே கட்டி வச்சதுதான். கிழவனுக்கு ஒண்ணு, பிள்ளைத்தாச்சிக்கு ஒண்ணு, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு ஒண்ணுன்னு இருக்கும். பேரை மட்டும் மாத்திக்குவோம். முதல் அடியில பேரு வரும், ரெண்டாவது அடியிலதான் சங்கதி வரும். முதல் அடிக்கு மூக்கை உறிஞ்சுவாங்க, ரெண்டாவது அடிக்குத்தான் வாய்விட்டு அழுவாங்க. ரெண்டாவது அடி இல்லாத பாட்டு, கதவைத் தட்டிட்டு ஓடிப்போன மாதிரி.

எங்க தொழில்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. அது ஊர்க்காரங்களுக்குத் தெரியாது, எங்களுக்குள்ளதான். அழுகைக்காரி சொந்த வீட்டுல அந்தக் குரலை எடுக்கக் கூடாது. எடுத்தா சாவு அந்த வீட்டுலயே குடியிருந்துரும்னு சில்பாளோட அம்மா காலத்துல இருந்து சொல்லி வச்சது. கூட்டத்துல ஒருத்தி வீட்டுல சாவு விழுந்தா மத்தவளுங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. துணியால வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

என் பொண்ணு திர்சாளை உனக்கு ஞாபகம் இருக்கா? இருக்காமலா? உன் வயசுதான். உங்கம்மாவும் நானும் ஒரே அறுவடைக்குத்தான் பெத்தோம். நீங்க ரெண்டு பேரும் கரையில சிப்பி பொறுக்குவீங்க. நீ நல்ல சிப்பியா பார்த்து எடுப்ப, அவ உடைஞ்சது ஓட்டையானது எல்லாத்தையும் மடியில கட்டிட்டு வருவா. 'இதை எதுக்குடி கொண்டுவந்தே?'ன்னு கேட்டா, 'இதை யாரும் எடுக்க மாட்டாங்கம்மா'ன்னு சொல்லுவா. வீடெல்லாம் ஓட்டைச் சிப்பி.

அவளுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. அப்ப கோராசீன்ல ஒரு பெரிய வீட்டுச் சாவுன்னு ஆள் வந்துச்சு. வரச் சொன்னா போகாம முடியுமா? அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, தலையில ஈரத்துணி போட்டுட்டுத்தான் போனேன். இருக்கிறியாடின்னு கேட்டேன், இருக்கேம்மான்னா. செத்தவனுக்குப் பிள்ளைங்க நிறையப் பேரு. ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி இல்ல. அவனுங்களுக்கும் சேர்த்து நானே அழுதேன். அன்னைக்கு அழுத மாதிரி நான் என்னைக்குமே அழுதது இல்லன்னு சில்பாள்கூடச் சொன்னா. தொண்டை கிழிஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்து பார்த்தா திர்சாள் தூங்கறா.

ஆமா, தூங்கறான்னுதான் நினைச்சேன். நாங்க பாதத்தைத்தான் தொட்டுப் பார்ப்போம், பாதம் குளிர்ந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். தொட்டேன், குளிர்ந்துதான் இருந்துச்சு. குளிருது போலன்னு எண்ணெய் தேய்ச்சுவிட்டேன். கம்பளியைப் போத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா. 'சத்தம் போடாத, பிள்ளை தூங்குது'ன்னேன். அவ போய் சில்பாளைக் கூட்டிட்டு வந்தா. சில்பாள்கிட்டயும் அதையேதான் சொன்னேன். 'சாகல சில்பா, தூங்குது.' சில்பாள் சிரிச்சா. கெட்ட எண்ணத்துல சிரிக்கல, அவளை நான் குத்தம் சொல்ல மாட்டேன். 'பைத்தியக்காரி, ஊர்ச் சாவெல்லாம் பார்த்த உனக்குத் தூக்கம் எது, சாவு எதுன்னு தெரியலியா?'ன்னு சொல்லிச் சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வாயைத் திறந்தேன். அவ உள்ளங்கையால என் வாயைப் பொத்தினா. கட்டுப்பாடு இருக்கே. பொத்தாட்டியும் என்ன வந்திருக்கப் போகுது? அன்னைக்குக் குரல்தான் கோராசீன்லயே போச்சே.

குழல் இல்ல, பாட்டு இல்ல. கொட்டில்ல இருந்து ஆட்டுக்குட்டியை ஓட்டிட்டுப் போனாக்கூட ஒரு சத்தம் இருக்கும், அதுகூட இல்லாம என் பிள்ளையைத் தூக்கிட்டுப் போனாங்க. மலைச்சரிவுல, அத்திமரம் தாண்டி, அங்கதான் வச்சோம். நான் அழல. நான் அப்படி ஒண்ணும் அழுமூஞ்சி இல்ல. அடுத்தவங்களுக்கு அழுவேன், எனக்கு அழத் தெரியாது.

அடுத்த பிறைகூடப் பிறக்கல, அதுக்குள்ள உங்க வீட்டுல இருந்து ஆள் வந்துச்சு. பொண்ணுக்கு முடியல, வந்து கொல்லையில இருங்கன்னு. கூட்டத்தோட வந்தேன். உங்கப்பா அந்த நாசரேத்தூர்க்காரரைத் தேடிக் கரைக்கு ஓடியிருந்தாரு. ஆளைக் கையோட கூட்டிட்டு வர்றாரு, வழியில யாரோ நோயாளிப் பொம்பள அவர் துணியைத் தொட்டுட்டாளாம், அதுல நின்னுட்டாராம். இங்க உனக்கு மூச்சு நின்னுபோச்சு. உங்கம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. நான் உள்ள வந்து உன் பாதத்தைத் தொட்டேன். என் மகளுது மாதிரியே இருந்துச்சு. அந்த அளவு, அந்தக் குளிர்ச்சி.

குழல் ஆரம்பிச்சுது. நானும் எடுத்தேன்.

'கரையோரம் சிப்பி பொறுக்கப் போனவளே, என் கண்ணே திர்சா...'

வாயில அப்படித்தான் வந்துச்சு. உன் பேரு வரவேண்டிய இடம் அது. எத்தனையோ வீட்டுல எத்தனையோ பேரைப் போட்டுப் பாடின வாயி, ஒரு தடவை தப்பினது இல்ல. சில்பாள் என் தொடையைக் கிள்ளினா. நான் நிறுத்தல. அதே அடியை மறுபடி எடுத்தேன், மறுபடியும் திர்சான்னே வந்துச்சு. கண்ணுல இருந்து கொட்டுது. அக்சா, நான் பொய்யா அழுதவ இல்ல, ஆனா அன்னைக்கு வந்தது வேற தண்ணி. சூடா இருந்துச்சு. இனி ரெண்டாவது அடியை எடுக்கணும். நான் வழக்கமா பாடுற ரெண்டாவது அடி இல்ல. அவளுக்குன்னே ஒண்ணு உள்ள இருந்து எழும்பி வந்துச்சு, யாரும் கட்டிக் குடுக்காத ஒண்ணு. தொண்டை வரைக்கும் வந்துருச்சு.

அப்ப அவர் வாசல்ல நிக்கிறாரு. பக்கத்துல உங்கப்பா.

'ஏன் இப்படிக் கூப்பாடு போட்டு அழறீங்க? பிள்ளை சாகல, தூங்குது'ன்னாரு.

நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு. நான் சொன்ன அதே வார்த்தை. ஒரு வார்த்தைகூட மாறல. நான் சொன்னப்ப பைத்தியக்காரின்னாங்க. தாடி வச்ச ஒரு ஆம்பள, பத்துப் பேரு பின்னால வர்ற ஆளு, வந்து நின்னு அதையே சொல்றாரு. சில்பாள் அன்னைக்கு எப்படிச் சிரிச்சாளோ அப்படியே எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. கேலி இல்ல அது. ஐயோ, இந்த மனுஷனுக்கும் யாரோ செத்திருக்காங்க போலன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

எல்லாரையும் வெளிய போகச் சொன்னாரு. சத்தமாகூடச் சொல்லல. என்னைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்னு என் முகத்தைப் பார்த்தாரு. நான் பாடின பேரு அவர் காதுல விழுந்திருக்கும், விழாம இருக்காது. அப்புறம் கதவைச் சாத்திட்டாங்க. நாங்க முற்றத்துல அவுத்த முடியோட நிக்கிறோம். துக்க வீட்டுக்குன்னு பக்கத்து வீட்டுல இருந்து பருப்பு வேகவச்சுக் கொண்டுவந்து வச்சிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல உங்கம்மா வெளிய ஓடிவந்து அந்தப் பாத்திரத்தைத் தூக்கிட்டு உள்ள ஓடினாங்க. 'சாப்பிடக் குடுக்கச் சொன்னாரு, சாப்பிடக் குடுக்கச் சொன்னாரு'ன்னு, வேற வார்த்தையே வரல. உன் சாவுக்கு வந்த பருப்பைத்தான் தாயி நீ எழுந்து உக்காந்து சாப்பிட்ட. ஜன்னல் வழியாப் பார்த்தேன். நல்லாத்தான் சாப்பிட்ட. வழிச்சு வழிச்சுச் சாப்பிட்ட.

சந்தோஷம்தான். எனக்கு ஏன் சந்தோஷம் இருக்காது? ஒரு பிள்ளை பிழைச்சா இன்னொரு பெத்தவளுக்கு வயித்தெரிச்சலா வரும்? சில்பாள் அப்படித்தான் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அதெல்லாம் இல்ல. அவர் வெளிய வந்தப்ப நான் வாசல்லயேதான் நின்னேன். எங்க வீடு அடுத்த தெரு. மலைச்சரிவும் தூரம் இல்ல, அத்திமரம் உங்க வாசல்ல இருந்தே தெரியும். அங்கயும் ஒரு எட்டு வாங்கன்னு சொல்லணும்னு வாயைத் திறந்தேன். முதல்ல வரவேண்டியது அந்த ரெண்டாவது அடி, அது வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தாண்டி ஒரு சொல் வெளிய வரல. அவரும் கேக்கல. போயிட்டாரு.

பேரு அவர் காதுல விழுந்துச்சு இல்ல? கேட்டுட்டுத்தானே உள்ள போனாரு? திர்சான்னு கூப்பிட்டு அழறேன், அக்சாவை எழுப்பறாரு. சரி, எழுப்பட்டும். என்னை அழவாவது விட்டிருக்கலாம்ல? அந்தப் பாட்டை முடிக்கிற வரைக்கும் வாசல்ல நின்னிருக்கலாம்ல? அழுகையைக் கண்டாலே அந்த மனுஷனுக்கு ஆகாது. நாயீன்ல ஒரு விதவை, ஒத்தைப் பிள்ளையைப் பாடையில தூக்கிட்டுப் போறா, அவகிட்டயும் 'அழாதே'ன்னாராம். எருசலேம்ல அவரையே கொல்லக் கொண்டு போனப்ப பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டுப் பின்னால போயிருக்காங்க, அவங்ககிட்டயும் எனக்காக அழாதீங்கன்னாராம். நல்லா இருக்கு. பொம்பள அழுதா இவருக்கு என்ன வருது?

அன்னையோட விட்டேன் தொழிலை. யாரு வீட்டுக்குப் போய் வாயைத் திறந்தாலும் அந்த அடி குறுக்க வந்து நிக்கும், பாட்டு போகாது. கருவாட்டுக்குக் குரல் வேண்டாம்.

என்ன சொன்ன? யாரு அழுதது?

பெத்தானியாவுலயா? சிநேகிதன் கல்லறைக்கு முன்னாடியா? அவரா? சும்மா சொல்லாத. நீ கேட்டியா, பார்த்தவங்க யாராவது சொன்னாங்களா? அந்தச் சிநேகிதனோட அக்காவே உன்கிட்டச் சொன்னாளா?

எழுப்பிட்டாருல்ல அந்த ஆளை? எழுப்பறதுக்கு முன்னாடி அழுதாரா, அப்புறமா?

முன்னாடி.

எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதிருக்காரு.

இரு. கொஞ்சம் இரு, அக்சா. இந்த மீனைக் கழுவி வச்சுட்டு வந்துடறேன்.

இல்ல, கண்ணுல உப்புப் பட்டுருச்சு. புறங்கையால துடைச்சேன், அங்கயும் உப்பு.

உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷமா உன்னைத் தெருவுல பார்க்கிறப்பல்லாம் கேக்கணும்னு நினைப்பேன், நீ உன் பிள்ளைங்களோட போய்க்கிட்டு இருப்ப, கேக்க வாய் வராது. நீ போயிட்டு வந்தவ. அங்க என் பொண்ணைப் பார்த்தியா? உனக்கு அவளை நல்லாத் தெரியுமே. மடியில ஓட்டைச் சிப்பி வச்சிருப்பா.

நல்லா நினைச்சுப் பார்த்துச் சொல்லு. அவசரம் இல்ல.

ஒண்ணுமே இல்லையா? ஒருத்தரும் இல்லையா? கண்ணை மூடினது தெரியும், யாரோ கையைப் பிடிச்சு எழுப்பினது தெரியும். நடுவுல ஒண்ணும் தெரியல. தூங்கி எழுந்த மாதிரின்னு சொல்ற.

அழாத. உன் மேல என்ன தப்பு? பார்க்கலேன்னா பார்க்கல. பொய் சொல்லாம இருந்தியே, அதுவே போதும்.

அப்ப தூக்கம்தான். அவர் சொன்னது சரிதான். நான் சொன்னதும் சரிதான், அக்சா. என் பிள்ளையும் தூங்கத்தான் செஞ்சிருக்கா. போத்திவிட்டேன், அதுவும் சரிதான். எழுப்பத்தான் ஆள் போகல.

உங்கப்பாவும் அன்னைக்கு வாசல்ல அவர் பக்கத்துலதான் நின்னாரு. தன் பொண்ணு செத்துக் கிடக்கா, உள்ள ஒருத்தி வேற பேரைச் சொல்லி அழறா. அந்தப் பேரு அவர் காதுலயும் விழுந்திருக்கும். அதுக்குத்தான் தெருவுல பார்க்கிறப்பல்லாம் நின்னாரோ? நான் தலையை ஆட்டிட்டுப் போயிருவேன், பாவி. போற நேரத்துல என் பேரைச் சொன்னாருன்னு நீ சொன்னப்பக்கூட எனக்கு விளங்கல.

அந்தத் தண்ணிக் குடத்தை எடு. கையில ஊத்து. இன்னும் கொஞ்சம். மீன் நாத்தம் போகாது, பரவாயில்ல, உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

வர்றேன், நட. முடியை அங்க வந்து அவுத்துக்கறேன். சில்பாளையும் கூப்பிடு, அவ கேக்கட்டும். பேரு உங்கப்பா பேருதான் போடுவேன், மரியாதையாத்தான் பாடுவேன், பயப்படாத. கிழவருக்குண்டான பாட்டு எனக்கு இன்னும் ஒரு அடி மறக்கல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நடுவுல வேற பேரு வந்தாலும் வரும். வந்தா யாரும் என்னைக் கிள்ளக் கூடாது, யாரும் நிறுத்தக் கூடாது. நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திரு.

அவரும் கல்லறையில இருந்து எழுந்துட்டாருன்னு உங்க ஆளுங்க சொல்றாங்களே. எழுந்திருந்தா நல்லதுதான். அப்படி அவரே வந்தாலும், நான் அந்த ரெண்டாவது அடியை முடிக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கச் சொல்லு. முடிச்சதும் நானே வந்து திறக்கறேன்.